வெள்ளிக்கால் போட்ட பிறகும் வலித்த இடுப்பு

வலி போகலை. போயிடுச்சுன்னு நான்தான் ஊரெல்லாம் சொன்னேன். அந்த ஒரு வார்த்தை என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்திச்சு, அங்கிருந்து அண்ணாமலையார் என்னை எப்படி மீட்டார்ங்கறதை அடியார்கள் உங்ககிட்ட சொல்லணும்னு ரொம்ப நாளா மனசுல இருந்தது. எட்டாவதோட படிப்பை நிறுத்தினவள் நான். எழுத்து முன்னே பின்னே இருந்தா பொறுத்துக்குங்க.

அடி அண்ணாமலையில கிரிவலப் பாதையை ஒட்டி எங்க வீடு. வீட்டு வாசல்லயே டீக்கடை. எங்க வீட்டுக்காரர் பாய்லர் முன்னாடி நிப்பார், நான் போண்டா போடுவேன், தண்ணி தூக்குவேன், டம்ளர் கழுவுவேன். வருஷக்கணக்கா நின்னு நின்னு வலது இடுப்பு மூட்டு தேய்ஞ்சு போச்சு. கடைசியில கதவுப்பிடியைப் பிடிச்சுக்கிட்டுதான் ஒரு ரூம்ல இருந்து இன்னொரு ரூமுக்குப் போவேன். டாக்டர் படம் எடுத்துப் பார்த்துட்டு, பந்தும் கிண்ணமும் மாதிரி இருக்கிற மூட்டு அது, ரெண்டையும் எடுத்துட்டு புதுசு வெக்கணும்னு சொன்னார். வைகாசியில ஆபரேஷன் ஆச்சு.

ஆபரேஷன் அன்னிக்கு என் நாத்தனார் ருக்கு, அதாவது எங்க வீட்டுக்காரரோட தங்கச்சி, எனக்காக வேண்டிக்கிட்டா. "அண்ணி வலியில்லாம நடந்துட்டா வெள்ளியில கால் செஞ்சு உண்டியல்ல போடறேன் சாமி"ன்னு. கோயில் பக்கத்துலயே அவ வீடு. பேச்சும் ஜாஸ்தி, பக்தியும் ஜாஸ்தி, பாசமும் ஜாஸ்தி. எனக்குக் கூடப்பிறந்த தங்கச்சி இல்லாத குறையே தெரியாது.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் பொறுமையா சொன்னார். தரையில உட்காரக் கூடாது. சம்மணம் போடக் கூடாது. ரொம்பக் குனியக் கூடாது. காலைக் குறுக்கே போடக் கூடாது, படுக்கும்போது ரெண்டு காலுக்கும் நடுவுல தலையணை வெக்கணும். வலி மெதுவாத்தான் குறையும், அவசரப்படாதீங்கன்னார். அப்புறம் ஒரு விரலைத் தூக்கிக் காட்டி, "குறைஞ்ச வலி மறுபடி ஏறினாலோ, காய்ச்சல் வந்தாலோ, தையல் போட்ட இடம் சூடா இருந்தாலோ, கசிஞ்சாலோ, அன்னிக்கே வந்துடணும்மா"ன்னார். நான் தலையாட்டினேன். எங்க வீட்டுக்காரரும் தலையாட்டினார்.

ஆனி மாசம் வலி நெசமாவே கொஞ்சம் விட்டுக் கொடுத்தது. வாக்கரை விட்டுட்டு ஒரு கைத்தடியோட வாசல் வரைக்கும் வந்தேன். வாசல்ல நின்னா எதிர்லயே மலை. ஒரு கையெடுத்துக் கும்பிட்டேன். அதை ருக்கு பார்த்துட்டா. மறுநாளே கோயில் தெருவுல இருக்கிற வெள்ளிக்கடையில கால் வாங்கிட்டு வந்துட்டா. தகடுல தட்டின சின்னக் கால், கொலுசு கூட செதுக்கியிருந்தது. அதை என் இடுப்புல மூணு தடவை தொட்டு எடுத்தா.

"ருக்கு, இன்னும் கொஞ்ச நாள் போகட்டுமே"ன்னேன்.

"ஏன் அண்ணி, நடக்கறீங்க இல்ல? சாமிக்குக் குடுக்கறதைத் தள்ளிப் போடக் கூடாது. வாங்க, ஆட்டோ நிக்குது."

கோயில்ல கூட்டம் கம்மி. அவ என் கையைப் பிடிச்சு என் கையாலயே அந்தக் காலை உண்டியல்ல போட வெச்சா. உள்ளே போய் விழுந்த சத்தம் கேட்டது. திரும்பி ஒரு படி இறங்கினேன். இடுப்புக்குள்ளே யாரோ பல்லால கடிச்ச மாதிரி இருந்தது. நின்னுட்டேன்.

"இன்னா அண்ணி?"

"ஒண்ணும் இல்ல. படி வழுக்குது."

முதல் தடவை அன்னிக்குத்தான் அப்படிச் சொன்னேன். காணிக்கை போட்ட கை இன்னும் காயலை, அதுக்குள்ளே வலிக்குதுன்னு எப்படிச் சொல்றது? சொன்னா சாமி குடுக்கலைன்னு சொன்ன மாதிரி ஆயிடாதா? அப்படித்தான் என் புத்தி போச்சு.

அடுத்த திங்கக்கிழமை நம்ம வழிபாட்டுக் குழுவுல என்னை நாற்காலி போட்டு உட்கார வெச்சு ருக்கு பேசச் சொன்னா. நான் பேசினேன். அண்ணாமலையார் கருணையால எனக்கு இப்போ வலியே இல்லைன்னு சொன்னேன். எல்லாரும் அரோகரா சொன்னாங்க. கடைசியில ஒரு பொண்ணு வந்து என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டா. பேர் கலைச்செல்வி. அவங்க அம்மாவுக்கும் இதே ஆபரேஷன் பண்ணச் சொல்லியிருக்காங்களாம், அம்மா பயந்துக்கிட்டு ஒத்துக்கவே மாட்டேன்றாங்களாம். "உங்களைப் பார்த்த பிறகு தைரியம் வந்துடுச்சும்மா. அடுத்த மாசமே பண்ணிடறோம்"ன்னா. நான் சிரிச்சேன். நாற்காலியில உட்கார்ந்திருக்கும்போதே வலி விண்ணு விண்ணுன்னு தெறிச்சது.

ஆடி பொறந்தது. முன்னே நடந்தாத்தான் வலிக்கும், இப்போ சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் வலிச்சது. அது பழைய வலி மாதிரி இல்லை. பழைய வலியை எனக்குத் தெரியும், இத்தனை வருஷம் கூடவே குடும்பம் நடத்தியிருக்கேன். இது புதுசு. ஆழத்துல எங்கேயோ அடுப்பு மூட்டின மாதிரி.

அந்த மாசம் டாக்டர்கிட்ட போற முறை வந்தது. அவர் காலை மடக்கிப் பார்த்தார், நீட்டிப் பார்த்தார், தையலைப் பார்த்தார். அப்போ அது நல்லாத்தான் இருந்தது. "வலி எப்படிம்மா இருக்கு?"ன்னு கேட்டார்.

"இல்ல சார்."

"சுத்தமா இல்லையா?"

"சுத்தமா இல்ல சார்."

பக்கத்துல எங்க வீட்டுக்காரர், "கடைக்கே வந்து நிக்கறா சார், நான்தான் உள்ள துரத்தி வுடறேன்"னு சிரிச்சார். டாக்டரும் சிரிச்சார். வெளியே விபூதிப் பொட்டலத்தோட ருக்கு நின்னுக்கிட்டு இருந்தா. டாக்டர் மேல ஒரு குத்தமும் இல்லை. வாயைத் திறந்து கேட்டவருக்கு நான்தான் பதில் சொல்லலை.

ஆவணியில சாயங்காலம் ஆனா உடம்பு லேசா காயும், விடியும்போது விட்டுடும். மழைக்காலக் காய்ச்சல்னு நானே எனக்குச் சொல்லிக்கிட்டேன். ஒருநாள் குளிக்கும்போது தையலோட கீழ் முனையில கை வெச்சேன். சுத்தி இருந்த தோலைவிட அந்த இடம் மட்டும் சூடா இருந்தது. இன்னொரு நாள் உள்பாவாடையில காசு அளவுக்கு மஞ்சளா ஒரு ஈரம். யாரும் பார்க்கறதுக்கு முன்னாடி நானே கசக்கிக் காயப் போட்டேன். டாக்டரோட அந்த ஒத்தை விரல் கண்ணு முன்னாடி வந்து வந்து போச்சு. அதைப் பார்க்காத மாதிரி இருந்துட்டேன்.

அந்த நாட்கள்ல மலையும் தெரியலை. மேகம் வந்து உச்சியில உட்கார்ந்தது, போகவே இல்லை. தினமும் வாசல்ல நின்னு பார்ப்பேன். பாதி மலைதான் இருக்கும், மேலே வெறும் வெள்ளை. மழைக்காலத்துல வர்றதுதான், புதுசு இல்லை. ஆனாலும் என் மனசுக்கு, அவர் முகத்தைத் திருப்பிக்கிட்டார்னுதான் பட்டது.

நான் காலை இழுத்து நடக்கறதை ருக்கு கவனிச்சிருக்கா. யாரோ ஜோசியரைப் பார்த்துட்டு வந்தா. கடையில உட்கார்ந்து டீயைக் கையில வெச்சுக்கிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னா.

"அண்ணி, உங்களுக்கு இப்போ சனி நடக்குதாம். சனியோட உலோகம் இன்னா? இரும்பு. நீங்க இடுப்புக்குள்ளயே இரும்பை வெச்சிருக்கீங்களே!"

எங்க வீட்டுக்காரர் பாய்லர்ல ஒரு தட்டு தட்டினார். "அப்படின்னா இதுவும் சனிதான். இத்தினி வருஷமா எனக்குச் சோறு போடுது. உனக்கு ஓசியில டீயும் போடுது."

"விளையாடாதே அண்ணா."

"அது இரும்பே இல்லம்மே. வேற இன்னாவோ பேர் சொன்னாரு டாக்டரு. சனிக்கு அந்தப் பேரு வாயிலயே நுழையாது."

ருக்குவே சிரிச்சுட்டா. நானும் சிரிச்சேன். ஆனா அந்தப் பேச்சு எனக்குள்ளே போய் உட்கார்ந்துடுச்சு. அன்னிலேர்ந்து படுத்தா, உள்ளே ஒரு கறுப்பு ஜந்து சுருண்டு படுத்திருக்கிற மாதிரியே இருக்கும். நான் புரண்டா அதுவும் புரளும்.

புரட்டாசியில ஒரு யோசனை வந்தது. அப்போ அது சாமி குடுத்த யோசனைன்னுதான் நினைச்சேன்.

கிரிவலப் பாதையில இடுக்குப் பிள்ளையார் உங்க எல்லாருக்கும் தெரியும். தெரியாதவங்களுக்குச் சொல்றேன். சின்னக் கல்மண்டபம். பின்பக்கம் ஒரு ஆள் மட்டும் நுழையற இடுக்கு இருக்கும். ஒருக்களிச்சுப் படுத்து, தோளை முதல்ல விட்டு, உடம்பை நெளிச்சு நெளிச்சு முன்பக்கமா வெளியே வரணும். இடுப்பு வலி, நரம்பு வலி எல்லாம் அந்தக் கல்லுலயே தங்கிடும்னு நம்பிக்கை. கல்யாணமான புதுசுல நான் பூந்து வந்திருக்கேன். அப்போ உடம்பு கொடி மாதிரி இருந்தது. இப்போ ஒரு தடவை பூந்து வந்துட்டா வலி அங்கேயே நின்னுடும், யாருக்கும் எதுவும் தெரியாமப் போயிடும். சொன்ன பொய் நெசமாயிடும். அதுதான் என் கணக்கு. குனியாதே, மடக்காதே, திருகாதேன்னு டாக்டர் சொன்ன அத்தனையும் அந்த ஒரு இடுக்குல இருக்குங்கறது எனக்குத் தெரியாமலா இருந்தது? தெரியும்.

குபேர லிங்கம் பார்த்துட்டு வரலாம்னு எங்க வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். வெறும் நாள், மத்தியான நேரம், வெயிலே இல்லாம மூட்டமா இருந்தது. ஆட்டோவை விட்டு இறங்கினதும், "சூடம் வாங்கிட்டு வாங்க"ன்னு அவரைக் கடைக்கு அனுப்பிட்டு நான் பிள்ளையார் பக்கம் நடந்தேன். எனக்கு முன்னாடி நாலஞ்சு பேர்தான். பின்னாடி நின்ன ஒரு அம்மா என் கைத்தடியைப் பார்த்தாங்க.

"ஏங்க, தடி வெச்சிருக்கீங்களே, முடியுங்களா?"

"முடியும். இதைக் கொஞ்சம் பிடிங்க."

தடியைக் குடுத்துட்டு, கல்லைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா படுத்தேன். தலையும் தோளும் உள்ளே போச்சு. கல்லு சில்லுன்னு இருந்தது. எத்தனையோ பேர் உடம்பு பட்டு வழவழன்னு இருந்தது. எண்ணெய் வாசனை, விபூதி வாசனை, வேர்வை வாசனை. எதிர்ல கொஞ்சம் வெளிச்சம். கையை ஊன்றி இழுத்தேன். இடுப்பு வரைக்கும் வந்தது. அங்கே நின்னுடுச்சு.

காலை மடக்கி உந்தினாத்தான் முன்னே போக முடியும். மடங்கலை. இடுப்பைத் திருப்பினாத்தான் வளைவுல வர முடியும். லேசா திருப்பினேன். உள்ளே 'டக்'குன்னு ஒரு சத்தம். காதுல கேட்கலை, எலும்புல கேட்டது. கண்ணு இருட்டிக்கிட்டு வந்தது. முன்னேயும் போக முடியலை, பின்னேயும் போக முடியலை. மேலே கல்லு, கீழே கல்லு, மூச்சு விட்டா மார்பு கல்லுல இடிக்குது. பின்னாடி அந்த அம்மா, "போங்க, போங்க"ன்னு என் பாதத்தைத் தள்ளினாங்க. அய்யோ, அந்த வலி!

பிள்ளையாரப்பான்னு கூப்பிடப் பார்த்தேன். பேர் வரலை. அண்ணாமலையாரே, காப்பாத்து, இனிமே நான் உன்கிட்ட எதையும் மறைக்க மாட்டேன்னு மனசுக்குள்ளே கதறினேன். வாயைத் திறந்தேன். வந்தது ஒரே ஒரு வார்த்தை.

"வலிக்குது!"

கல்லுக்குள்ளே அது சுத்திச் சுத்தி எனக்கே திரும்பக் கேட்டது. அப்புறம் நிறுத்த முடியலை. "வலிக்குது! வலிக்குதுங்க! போகவே இல்லை! எப்பவும் வலிக்குது!"

முன்பக்க வெளிச்சத்துல ரெண்டு கால் தெரிஞ்சது. எனக்குத் தெரிஞ்ச கால்தான். சூடம் பொட்டலம் கீழே விழுந்தது. எங்க வீட்டுக்காரர் மண்ணுல குப்புறப் படுத்து, இடுக்குக்குள்ளே முகத்தை வெச்சுப் பார்த்தார். அவர் முகம் அப்படி வெளுத்து நான் பார்த்ததே இல்லை.

"எப்போலேர்ந்து?"

"வெள்ளிக்கால் போட்ட அன்னிக்கே வலிச்சுதுங்க."

ரெண்டு பேர் கையை நீட்டி என்னை இழுக்க வந்தாங்க. "யாரும் தொடாதீங்க! பின்னாடி தள்ளாதீங்கம்மா!"ன்னு அவர் போட்ட சத்தத்துல எல்லாரும் ஒதுங்கினாங்க. அப்புறம் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "ஏம்மே, என்னையே பாரு. காலை நீட்டியே வெச்சுக்க. மடக்காத. கையை மட்டும் ஊனு. வந்த வழியே பின்னால போலாம். கொஞ்சம். ம். இன்னும் கொஞ்சம்"னு சொல்லிக்கிட்டே இருந்தார். மண்ணுல கன்னத்தை வெச்சுக்கிட்டு, கடைசி வரைக்கும் எழுந்திரிக்கலை. பின்னாடி இருந்த அந்த அம்மாவும் இன்னொருத்தரும் என் காலை ஒரே நேரா தாங்கிப் பிடிச்சுக்கிட்டாங்க. அரைச்சாண் அரைச்சாணா பின்னாடி நகர்ந்து வெளியே வந்தேன்.

அங்கே நின்ன ஒருத்தர் தலையை ஆட்டிக்கிட்டு, "பூந்துட்டா முன்னாலதான் வரணும். பின்னால வர்றது நல்லதில்லையே"ன்னார். அவர் கெட்ட எண்ணத்துல சொல்லலை. ஆனா அந்த வார்த்தை என்கூடவே ஆட்டோவுல ஏறிக்கிச்சு. ஆஸ்பத்திரி போற வரைக்கும் வண்டி ஒவ்வொரு குழியில இறங்கும்போதும், பிள்ளையார் என்னைத் திருப்பி அனுப்பிட்டார், பிள்ளையார் என்னைத் திருப்பி அனுப்பிட்டார்னுதான் கேட்டுக்கிட்டே இருந்தது. எங்க வீட்டுக்காரர் என் கையை விடவே இல்லை.

படம் எடுத்தாங்க. மூட்டு நழுவலை. ஆனா டாக்டர் தையல் முனையை அழுத்திப் பார்த்ததும் அவர் முகம் மாறிச்சு. ஊசி போட்டு உள்ளே இருந்து நீர் எடுத்தார். கலங்கலா, அரிசி கழுவின தண்ணி மாதிரி வந்தது. சோதனைக்கு அனுப்பிட்டு, மறுநாள் வந்து கட்டில்கிட்ட உட்கார்ந்து சொன்னார்.

"உள்ளே சீழ் வெச்சிருக்கும்மா. அதே இடத்தைத் திறந்தாகணும். மூட்டு கெட்டியா நின்னுக்கிட்டு இருந்தா, கழுவிச் சுத்தம் பண்ணிக் காப்பாத்தப் பார்ப்பேன். ஆடிப் போயிருந்தா, கழட்டி எடுத்துடணும். கிருமி போற வரைக்கும் மாசக்கணக்குல அந்த மூட்டு இல்லாம இருக்கணும். அப்புறம்தான் வேற வெக்கிறது. எதுன்னு திறந்து பார்த்தாத்தான் தெரியும்."

எங்க வீட்டுக்காரர் கேட்டார், "மூட்டு இல்லாம எப்படி சார் நடப்பா?"

"நடக்க முடியாதுங்க. கால் குட்டையாயிடும்."

அப்புறம் என்னைப் பார்த்து, "கடைசியா வந்தப்போ கேட்டேனே, ஏம்மா சொல்லலை?"ன்னார்.

"காணிக்கை போட்டாச்சு சார்."

அவர் சிரிப்பார்னு நினைச்சேன். சிரிக்கலை. கையில இருந்த பேனாவை மூடி சட்டைப் பையில போட்டுக்கிட்டுப் போயிட்டார்.

ருக்கு ஓடி வந்தா. கட்டில் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு அழுதா. "நான்தான் அவசரப்பட்டுட்டேன் அண்ணி. வலி போகாமலே காலைப் போட்டுட்டோம். அந்தக் கோபத்துலதான் சாமி காலையே கேக்குதோ?" எனக்கும் அதே பயம்தான். வெள்ளிக்கால் ஒண்ணு குடுத்தேன், பதிலுக்கு என் காலே போகப் போகுது. அப்படித்தான் மனசு அடிச்சுக்கிச்சு.

மறுநாள் காலையில தியேட்டருக்குக் கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பினேன். மலை தெரியும்னு பார்த்தேன். ஒரு பெரிய தண்ணி டேங்க்தான் தெரிஞ்சது. சரி, மலை அதுக்குப் பின்னாடி இருக்கும்னு அந்த டேங்கைப் பார்த்தே வேண்டிக்கிட்டேன். அதுவரைக்கும் என் வேண்டுதல் எல்லாம் அழகழகா இருக்கும். இதைப் பண்ணு, அதைச் செலுத்தறேன்னு இருக்கும். அன்னிக்கு எதையும் தர்றேன்னு சொல்லலை. தர என்கிட்ட ஒண்ணும் இல்லை. "சாமி, வலிக்குது. பயமா இருக்குது. நடக்கணும்"னு மட்டும் சொன்னேன். அப்புறம், "கோபமா இருந்தாலும் பரவாயில்லை, கூட இரு"ன்னேன். அவ்வளவுதான்.

முதுகுத்தண்டுல ஊசி போட்டாங்க. இடுப்புக்குக் கீழே உடம்பே இல்லாத மாதிரி ஆயிடுச்சு. முன்னாடி பச்சைத் துணி கட்டிட்டாங்க. நான் முழிச்சுக்கிட்டுதான் இருந்தேன். வலி இல்லை, ஆனா சத்தம் எல்லாம் கேட்டது. தண்ணி பாய்ச்சற சத்தம், உறிஞ்சற சத்தம், ஏதோ கருவியைத் தட்டுல வெக்கிற சத்தம். யாரும் பேசலை. அந்தப் பேசாம இருந்ததுதான் பெரிய பயம். பச்சைத் துணியையே பார்த்துக்கிட்டு அருணாசலா அருணாசலான்னு உதட்டை அசைச்சேன். என் உடம்பு மொத்தமும் ஒரு தடவை ஆடிச்சு. யாரோ உள்ளே எதையோ பிடிச்சு அசைச்சுப் பார்க்கிறாங்க. மறுபடி ஒரு தடவை. நான் மூச்சை நிறுத்திட்டேன்.

டாக்டர் குரல் கேட்டது. "ஆடலை. கெட்டியா இருக்கு."

கண்ணுல தண்ணி காதுக்குள்ளே வழிஞ்சது. தலைமாட்டுல நின்ன நர்ஸ் பொண்ணு, "இன்னாம்மா, வலிக்குதா?"ன்னு கேட்டா. "இப்போ இல்லம்மா"ன்னேன். ரொம்ப மாசத்துக்கு அப்புறம் அந்தக் கேள்விக்கு நான் சொன்ன நெசமான பதில் அது.

எலும்போட பிடிச்சிருந்ததை அப்படியே விட்டுட்டு, பந்தையும் கிண்ணத்துக்கு உள்ளே இருக்கிற உறையையும் மட்டும் மாத்தி, கழுவி மூடினாங்க. இன்னும் கொஞ்சம் தள்ளிப் போயிருந்தா காப்பாத்தியிருக்க முடியாதுன்னு டாக்டர் அப்புறம் எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லியிருக்கார். அதைக் கேட்டப்போதான் எனக்கு விளங்கிச்சு. பிள்ளையார் என்னை விரட்டலை. என் வாயைத் திறக்க வெச்சு, சேர வேண்டிய இடத்துக்கு அனுப்பி வெச்சார். பின்னால வந்ததால கெட்டது எதுவும் வரலை. அந்த வழியாத்தான் நான் பிழைச்சேன். ஆனா ஆபரேஷன் பண்ணின உடம்போட நீங்க யாரும் தயவுசெய்து அதுல நுழையாதீங்க. வெளியே நின்னு கும்பிட்டாலும் அவருக்குக் கேட்கும்.

அதோட எல்லாம் சரியாயிடுச்சுன்னு எழுதினா மறுபடி பொய் சொன்ன ஆளாயிடுவேன். வாரக்கணக்குல நரம்பு வழியா மருந்து ஏத்தினாங்க. கையில குத்த இடமே இல்லாமப் போச்சு. அப்புறம் மாசக்கணக்குல மாத்திரை. வாய் கசப்பு, வயித்துக் கோளாறு. முதல்ல இருந்து வாக்கர், முதல்ல இருந்து கால் தூக்கற பயிற்சி. கார்த்திகை தீபம் வாசல்ல நாற்காலியில உட்கார்ந்துதான் பார்த்தேன். எல்லாரும் மண்ணுல விழுந்து கும்பிடறாங்க, என்னால தலையைத்தான் குனிய முடிஞ்சது. இப்பவும் மழை வந்தா இடுப்பு கனக்கும். கொஞ்சம் உடம்பு சுட்டாலும் நெஞ்சு திக்குன்னு ஆயிடும். தினமும் காலையில புறங்கையை அந்த இடத்துல வெச்சுச் சூடு இருக்கான்னு பார்க்காம நான் வாசல் தாண்டறதில்லை. இதுவரைக்கும் இல்லை.

தை மாசம் குழுவுக்குப் போனேன். மறுபடி பேசச் சொன்னாங்க. நடந்தது எல்லாத்தையும், இங்கே எழுதியிருக்கிற மாதிரியே சொன்னேன். ருக்கு முன்வரிசையில தலையைக் குனிஞ்சுக்கிட்டு இருந்தா. பின்வரிசையில ஒரு நாற்காலி நகர்ற சத்தம் கேட்டது. கலைச்செல்வி எழுந்து நின்னுட்டா. தள்ளித் தள்ளிப் போய், அவங்க அம்மாவுக்கு ஆபரேஷன் ஆகி இப்போதான் ஒரு மாசத்துக்கு மேலே ஆயிருந்தது.

"எங்கம்மா கேட்டா வலியே இல்லைன்னுதான் சொல்றாங்க"ன்னா. "அந்தம்மாவுக்கு இல்லையே, எனக்கு மட்டும் எப்படி இருக்கும்னு சொல்றாங்க." அவ்வளவுதான். செருப்பைக் கூட சரியா மாட்டாம ஓடிட்டா.

நான் நாற்காலியில அப்படியே உட்கார்ந்துட்டேன். என் வாயால இன்னொரு வீட்டுலயும் அந்த அடுப்பு மூண்டிருக்குமோன்னு நான் பட்ட பாடு அண்ணாமலையாருக்குத்தான் தெரியும். ரெண்டு நாள் கழிச்சு அவளே கடைக்கு வந்தா. அம்மாவைக் கூட்டிக்கிட்டுப் போய்க் காட்டியிருக்கா. கெட்டது எதுவும் இல்லை, ஆறும்போது வர்ற வலிதானாம். ஆனா அந்த அம்மா அதைக்கூட யார்கிட்டயும் சொல்லாம, பல்லைக் கடிச்சுக்கிட்டே படுத்திருந்திருக்காங்க. மகள் கேட்டதும் ரொம்ப நேரம் அழுதுட்டு, நிம்மதியா தூங்கினாங்களாம். எங்க வீட்டுக்காரர் அவளுக்கு ஒரு டீ போட்டுக் குடுத்தார்.

போன வாரம் ருக்கு வந்து, இழுத்து இழுத்துக் கேட்டா. "அண்ணி, இப்போ நல்லா நடக்கறீங்களே, இன்னொரு வெள்ளிக்கால்..."

"வலி முழுசா போகட்டும் ருக்கு. அவருக்கு ஒண்ணும் அவசரம் இல்லை."

"போகாமலே இருந்துட்டா?"

"இருந்தா இருக்கட்டும். இருக்குன்னு சொல்றேன். கேட்டுக்குவாரு."

அடியார்களே, உங்கள்ல யாராவது தீராத வலியோட இதைப் படிச்சுக்கிட்டு இருக்கலாம். வேண்டுதலைச் செலுத்தியாச்சே, நாலு பேர்கிட்ட நல்லாயிடுச்சுன்னு சொல்லியாச்சேன்னு வாயை மூடிக்கிட்டு இருக்கலாம். வேணாம். வலிச்சா வலிக்குதுன்னு சாமிகிட்ட சொல்லுங்க. டாக்டர்கிட்ட சொல்லுங்க. வீட்டுல இருக்கிறவங்ககிட்ட சொல்லுங்க. அதைக் கேட்டு அண்ணாமலையாருக்கு ஒரு குறைச்சலும் வந்துடாது. என் நல்ல பேச்சு எல்லாம் பண்ணாததை, கல்லுக்குள்ளே மாட்டிக்கிட்டு நான் கத்தின அந்த ஒரு வார்த்தை பண்ணிச்சு. நம்பிக் கத்துங்க.

இன்னிக்குக் காலையிலும் தடியை ஊன்றி வாசல்ல நின்னேன். புறங்கையை வெச்சுப் பார்த்தேன், சூடு இல்லை. உச்சியில கொஞ்சம் மேகம் இருந்தது. அதைப் பார்த்து இப்போ பயப்படறதில்லை. "இன்னிக்குக் கொஞ்சம் வலி இருக்கு சாமி"ன்னு சொல்லிட்டு, போண்டாவுக்கு மாவு கரைக்கப் போனேன்.